ஸரான்கியேவிச் சூத்திரம்: தேற்றமா, ஊகமா?

செம்பருத்தி | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம்) தாளில் ஒரு குழப்பம், யாராவது தெளிவுபடுத்துங்கள்.

முழு கோட்டுரு கே(5) (5 புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்தது), முழு இருகூறு கோட்டுரு கே(3,3) (மும்மூன்று புள்ளியாக இரு கூறு, ஒரு கூறின் ஒவ்வொரு புள்ளியும் மறு கூறின் எல்லாவற்றோடும் இணைந்தது) இரண்டையும் கோடுகள் வெட்டாமல் தாளில் வரைய முடியாது என்பது வரைக்கும் புரிந்துவிட்டது. கே(3,3)-க்கு 6 முனை (புள்ளி), 9 விளிம்பு (இணைக்கும் கோடு). வெட்டாமல் வரைந்தால் ஆய்லர் சூத்திரப்படி (முனை − விளிம்பு + முகம் = 2) 5 முகங்கள், அதாவது கோடுகள் பிரிக்கும் பகுதிகள், வர வேண்டும். இருகூறு என்பதால் முக்கோணம் கிடையாது, ஆக ஒவ்வொரு முகத்துக்கும் குறைந்தது 4 விளிம்பு. 5 × 4 = 20. ஆனால் ஒரு விளிம்பு இரண்டு முகத்துக்குத்தான் எல்லை, 9 × 2 = 18 தான் இருக்கிறது. முடிந்தது.

அடுத்த பக்கத்தில்தான் சிக்கல். ஒரு கூறில் ச முனைகள், மறு கூறில் க முனைகள் இருந்தால் குறைந்தது எத்தனை வெட்டு வரும் என்று ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ச/2, (ச−1)/2, க/2, (க−1)/2 நான்கையும் கீழ்நோக்கி முழு எண்ணாக்கிப் பெருக்க வேண்டும். எங்கள் வகுப்புக் குறிப்பில் 'ஸரான்கியேவிச் தேற்றம்' என்று இருக்கிறது. வேறு ஓர் இடத்தில் அதே சூத்திரத்தை 'ஊகம்' என்று படித்தேன். எது சரி?

இன்னொன்று. கே(4,4)-க்குச் சூத்திரம் 2 × 1 × 2 × 1 = 4 என்கிறது. நான் எப்படி வரைந்தாலும் 6-க்குக் கீழே இறங்கவில்லை.


நள்ளிரவு நிரலர் | செவ்வாய், இரவு 9.40

4 வரும். இரண்டு கூறையும் எதிரெதிர் வரிசையாக வைத்து ஆரம்பித்திருப்பீர்கள், பாடப்புத்தகப் படம் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அந்த அமைப்பு வெட்டு எண்ணிக்கைக்கு மகா மோசம். மேல் வரிசையில் ஏதாவது 2, கீழ் வரிசையில் ஏதாவது 2 எடுத்தால் கட்டாயம் ஒரு வெட்டு. கே(4,4)-ல் 6 × 6 = 36 வெட்டு. நீங்கள் 6 வரை இறக்கியதே பெரிய விஷயம்.


பழைய சாக்பீஸ் | செவ்வாய், இரவு 10.05

அம்மா செம்பருத்தி, முதலில் படத்தை முடிப்போம்.

ஒரு கிடைக்கோடு, ஒரு செங்குத்துக்கோடு போட்டுக்கொள். வரைபடத்தாளில் போடும் அச்சுகள்தான். முதல் கூறின் 4 முனைகளையும் கிடை அச்சில் வை: வலப்பக்கம் 2, இடப்பக்கம் 2. இரண்டாவது கூறின் 4 முனைகளைச் செங்குத்து அச்சில் வை: மேலே 2, கீழே 2. மையப்புள்ளியில் எதையும் வைக்காதே. இனி எல்லாவற்றையும் நேர்க்கோட்டால் இணை. ஒவ்வொரு கோடும் ஒரே ஒரு கால்பகுதிக்குள் அடங்கிவிடும், அடுத்த கால்பகுதியை எட்டிப் பார்க்காது. ஒரு கால்பகுதிக்குள் கிடை அச்சில் 2, செங்குத்து அச்சில் 2. அவற்றுக்குள் ஒரே ஒரு வெட்டு. உள்முனையிலிருந்து வெளிமுனைக்குப் போகும் கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும். உள்-உள், வெளி-வெளி கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிப் போய்விடும். நான்கு கால்பகுதி, நான்கு வெட்டு.

எத்தனை முனை இருந்தாலும் இதே படம்தான். இரு கூறையும் முடிந்த அளவு சரிபாதியாகப் பிரித்து அச்சுகளில் வைத்தால் நீ கொடுத்த சூத்திரம் அப்படியே வந்து நிற்கும். இதில் ஊகம் எதுவும் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் படம் சொல்வது 'இவ்வளவு வெட்டோடு வரைய முடியும்' என்பதை மட்டும்தான். 'இதைவிடக் குறைவாக எவராலும் வரைய முடியாது' என்பது வேறு வாக்கியம். முதலாவது எல்லா எண்களுக்கும் உண்மை. இரண்டாவது இன்றுவரை பொதுவாக நிரூபிக்கப்படவில்லை. ஆகவே ஊகம். உங்கள் குறிப்பில் தேற்றம் என்று இருப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, நாளை எழுதுகிறேன். கண் சொருகுகிறது.


காப்பர் டிராக் | புதன், காலை 7.30

பிசிபி (மின்சுற்றுப் பலகை) லேஅவுட் போடுபவன் என்ற முறையில் ஒரு கேள்வி. வெட்டு வந்தால் ஒரு வயா (பலகைத் துளை வழி இணைப்பு) போட்டுக் கீழ் லேயரில் இறங்கிப் போய்விடுவோம். சிங்கிள் சைடு போர்டாக இருந்தால் ஒரு ஜம்பர் ஒயர். குறைந்தபட்ச வெட்டு 4-ஆ 5-ஆ என்று எழுபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பழைய சாக்பீஸ் | புதன், காலை 11.20

கோபம் எதற்கு தம்பி. இந்தக் கணக்கு பிறந்ததே வெட்டினால் என்ன ஆகும் என்று கையால் உணர்ந்த ஒருவரிடம்தான். அங்கே வயாவும் இல்லை, ஜம்பரும் இல்லை.

பால் டுரான், ஹங்கேரிக்காரர், 1910-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். யூதர் என்பதால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டாய உழைப்புப் படைக்கு இழுக்கப்பட்டார். 1944 ஜூலையில் அவரை வைத்திருந்த இடம் புடாபெஸ்ட் அருகே ஒரு செங்கல் தொழிற்சாலை. அது எந்த ஜூலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் ஹங்கேரியின் மற்றப் பகுதிகளிலிருந்து 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் ரயிலேற்றி அனுப்பப்பட்டிருந்தார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு. புடாபெஸ்டில் இருந்தவர்களுக்கு அடுத்தது நாம்தானா என்ற நிலை.

அந்தத் தொழிற்சாலையில் பல சூளைகள், செங்கலை அடுக்கிவைக்கும் பல திறந்தவெளிக் கிடங்குகள். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு கிடங்குக்கும் தண்டவாளம். அப்படியே முழு இருகூறு கோட்டுரு. சூளையில் கல்லைச் சின்ன வண்டியில் ஏற்றிக் கிடங்கு வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளுவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லையாம். தண்டவாளம் தண்டவாளத்தை வெட்டும் இடங்களில்தான் தொல்லை. வண்டி தடம்புரளும், கல் சரியும், பொறுக்கி மறுபடி அடுக்க வேண்டும், நேரம் போகும். இந்த வெட்டுகளைக் குறைத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று அங்கே தோன்றியதுதான் கேள்வி. அந்தத் தொழிற்சாலையின் அமைப்பையே மேம்படுத்தலாம் என்று சில நாட்களில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ச சூளை, க கிடங்கு என்று பொதுவாக எடுத்தால் பிடி கிடைக்கவில்லை. இதையெல்லாம் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கோட்டுருவியலுக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கியபோது அதன் முதல் இதழுக்கு வரவேற்புரையாக எழுதிக் கொடுத்தார். 1977-இல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

செம்பருத்தி உன் பாடத்திலேயே இவர் வேறொரு பக்கத்தில் வருவார். முக்கோணம் இல்லாத கோட்டுருவில் அதிகபட்சம் எத்தனை விளிம்பு என்பதற்கு விடை, முனைகளின் வர்க்கத்தில் கால்பங்கு. அதை எட்டுவது சரிபாதியாகப் பிரித்த முழு இருகூறு கோட்டுரு. இது மாண்டெல் 1907-இல் சொன்னது. முக்கோணத்துக்குப் பதில் கே(4), கே(5) என்று எதைத் தடுத்தாலும் விடை சொல்லும் பொதுத் தேற்றம் டுரானுடையது, 1941.

இப்போது உன் கேள்வி. 1952-இல் டுரான் போலந்து போனபோது இந்தச் சூளைக் கணக்கை உரைகளில் சொன்னார். கேட்டவர்களில் காஷிமியெஷ் ஸரான்கியேவிச் ஒருவர், ஊர்பானிக் ஒருவர். இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, ஒரே விடைக்கு வந்து, 1953-க்கும் 1955-க்கும் இடையே நிரூபணம் என்று வெளியிட்டார்கள். நேற்று நான் சொன்ன அச்சுப் படம் அதில் இருக்கிறது. அதற்குக் கீழே போக முடியாது என்பதற்கும் ஒரு வாதம் இருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், மற்றவர்கள் அதன் மேல் கட்டவும் செய்தார்கள். சுமார் 11 ஆண்டுகள் கழித்து கெர்ஹார்ட் ரிங்கல், பால் கைனன் இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அந்தக் கீழ்வரம்பு வாதத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஸரான்கியேவிச் 1959-இலேயே காலமாகிவிட்டார். 1969-இல் ரிச்சர்ட் கை 'ஸரான்கியேவிச் தேற்றத்தின் சரிவும் வீழ்ச்சியும்' என்ற பொருளில் தலைப்பு வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து அது ஊகம். நடுவில் இருந்த அந்த ஆண்டுகளின் வாசனை சில குறிப்புகளில் இன்னும் போகவில்லை.


நள்ளிரவு நிரலர் | புதன், இரவு 11.48

ஐயா, நீங்கள் சொல்லும் வேறுபாடு புரிகிறது, ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எழுபது ஆண்டுகளாக உலகம் முழுக்க ஆட்கள் வரைந்து பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் சூத்திரத்துக்குக் கீழே ஒரு படம் கிடைக்கவில்லை. என் தொழிலில் இவ்வளவு சோதனையைத் தாண்டிய நிரலை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவேன்.

இல்லையென்றால் கணினியிடம் கொடுத்து எல்லா வரைவையும் முயன்று பார்த்துவிடலாமே? கே(7,7) என்றால் 14 முனை, 49 விளிம்பு. அவ்வளவுதானே.


பழைய சாக்பீஸ் | வியாழன், காலை 10.15

'எல்லா வரைவும்' என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறான். கோடு நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வளைந்து நெளிந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். எது எதை எந்த வரிசையில் வெட்டுகிறது என்பதை மட்டும் கணக்கில் எடுத்தாலும் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்காது. பொதுவாக ஒரு கோட்டுருவைக் கொடுத்து அதன் குறைந்தபட்ச வெட்டைக் கேட்பது என்பி-முழுமை (வேகமான பொதுவழி எதுவும் தெரியாத வகை) என்று கேரியும் ஜான்சனும் 1983-இல் காட்டிவிட்டார்கள். உங்கள் துறைச் சொல்தான்.

ஆனால் கணினி வேலை செய்திருக்கிறது. எப்படி என்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். படங்களை எண்ணவில்லை.

7 சூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிடங்கில் நின்று கடிகாரச் சுற்றில் பாருங்கள்: 7 தண்டவாளங்கள் கிளம்புகின்றன, எந்தச் சூளைக்குப் போவது முதலில், எது அடுத்து என்று ஒரு சுழல் வரிசை இருக்கிறது. இப்படிப்பட்ட வரிசைகள் 6! = 720 தான். இரண்டு கிடங்குகளின் வரிசை ஒன்றேயாக இருந்தால் அந்த இரண்டின் தண்டவாளங்கள் தமக்குள் குறைந்தது 9 முறை வெட்டியே தீரும். ஒன்றின் வரிசை மற்றதன் தலைகீழாக இருந்தால் வெட்டே இல்லாமல் தப்பலாம். இடைப்பட்டவற்றுக்கு, ஒரு வரிசையில் பக்கத்துப் பக்கத்து இரண்டை இடம் மாற்றிக்கொண்டே போய் மற்றதன் தலைகீழை அடைய எத்தனை மாற்றம் வேண்டுமோ அத்தனை வெட்டாவது வரும். ஆக, படம் என்ற வழுக்கும் பொருள் போய், 720 வரிசைகளில் எவற்றை எந்தக் கிடங்குக்குக் கொடுப்பது என்ற கணக்காக மாறிவிடுகிறது. டக்ளஸ் வூடால் 1993-இல் இந்த வழியில் கணினியைக் கொண்டு கே(7,7) முதல் கே(7,10) வரை சூத்திரம் சரி என்று முடித்தார். 9 சூளை என்றால் வரிசைகள் 8!, அதாவது 40,320 ஆகிவிடும்.

அச்சுப் படத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மேலே இருக்கும் கிடங்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை, கீழே இருப்பவை எல்லாவற்றுக்கும் அதன் தலைகீழ். மேலும் கீழும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

உங்கள் முதல் வாதத்துக்கு வருகிறேன். ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்பது ஊகத்தை நம்ப நல்ல காரணம்தான், நானும் நம்புகிறேன். ஆனால் அந்தப் 11 ஆண்டுகளில் இருந்தவர்களிடம் படம் கிடைக்காததோடு அச்சான நிரூபணமும் இருந்தது.


தாமிரபரணி | வியாழன், மதியம் 1.02

தாளில் இல்லாமல் டீ கப்பில் வரைந்தால் கே(3,3) வெட்டாமல் வந்துவிடும் என்று எங்கள் பையன் செய்து காட்டினான். மூன்று வீட்டுக்கும் தண்ணீர், கேஸ், கரண்ட் இழுக்கும் அந்தப் பழைய புதிர்தான். கைப்பிடி மேல் ஒரு கோட்டை ஏற்றிவிட்டான்.


பழைய சாக்பீஸ் | வியாழன், மதியம் 3.30

பையன் சரி. டியூட்னி 1913-இல் ஒரு லண்டன் மாத இதழில் போட்டு ஊரெல்லாம் பரவிய புதிர் அது. கைப்பிடி ஒன்று இருந்தால் கே(4,4) கூட வெட்டாமல் வரும், முழு கோட்டுருவில் கே(7) வரை வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ச, க எதுவாக இருந்தாலும் வெட்டே இல்லாமல் வரைய எத்தனை கைப்பிடி வேண்டும் என்ற கேள்வி முழுமையாக முடிந்துவிட்டது. (ச−2)(க−2)-ஐ 4-ஆல் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் விடை. 1965-இல் தீர்த்தவர் அதே ரிங்கல். கேட்கும்போது கடினமாகத் தோன்றும் கேள்வி முடிந்துபோய், சூளைக் கேள்வி நிற்கிறது.


காப்பர் டிராக் | வியாழன், இரவு 8.15

செங்கல் சூளைக் கதைக்குப் பிறகு என் முதல் கேள்வியின் தொனியை மாற்றிக்கொள்கிறேன் சார். ஆனால் கேள்வியை விடவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில் போர்டுக்காரன் கேட்க வேண்டிய கணக்கே வேறு என்று தெரிகிறது.

சிங்கிள் சைடு போர்டு. ஃபெரிக் குளோரைடில் முக்கி எடுத்து, மேல் பக்கம் ஜம்பர் வைக்கிற பழைய வகை. ஒரு ஜம்பர் ஒரே தாவலில் ஐந்து டிராக்கைத் தாண்டிவிடும். ஆக எனக்கு வெட்டு எண்ணிக்கை முக்கியமில்லை, எத்தனை விளிம்பைத் தூக்கிவிட்டால் மிச்சம் வெட்டாமல் படுக்கும் என்பதுதான் முக்கியம். தங்கச்சி முதலில் எழுதிய ஆய்லர் கணக்கையே திருப்பினால், முக்கோணம் இல்லாமல், வெட்டாமல் படுக்கக்கூடிய விளிம்புகள் அதிகபட்சம் முனைகளின் இருமடங்கில் 4 குறைவு. கே(5,5)-க்கு 10 முனை, 16 விளிம்பு படுக்கும். மொத்தம் 25. ஆக 9 ஜம்பர். அச்சுப் படத்திலோ 16 வெட்டு. டுரான் வண்டிக்கு 16 தொல்லை, எனக்கு 9 தான்.

டபுள் சைடு போர்டு, வயா கிடையாது, பேட் மட்டும் இரண்டு பக்கமும் தெரியும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கிறது. கே(6,6): 36 விளிம்பு. ஒரு பக்கத்தில் 20 வரை படுக்கும், இரண்டு பக்கம் 40, எண்ணிக்கை இடிக்கவில்லை. கே(7,7): 49 விளிம்பு. ஒரு பக்கம் 24, இரண்டு பக்கம் 48. ஒரே ஒரு டிராக் வெளியே நிற்கிறது! மூன்றாவது லேயர் போட்டே ஆக வேண்டும். இப்படி ஒரு டிராக்குக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் இந்த வலி.


நள்ளிரவு நிரலர் | வியாழன், இரவு 9.03

அண்ணே அந்தக் கே(7,7) செம. ஆனால் சில்லு வடிவமைப்பில் வெட்டு எண்ணிக்கையே நேரடியாக இடத்தைத் தின்கிறது. விளிம்புகள் முனைகளைப் போல் 4 மடங்குக்குக் குறையாமல் இருந்தால், வெட்டுகள் குறைந்தது 'விளிம்பின் கனம் (மும்மடி) வகுத்தல் 64 முறை முனையின் வர்க்கம்' இருக்கும் என்று ஒரு துணைத்தேற்றம் உண்டு. அதை 80-களின் தொடக்கத்தில் கண்டவர்களில் லெய்ட்டன் ஒருவர். அவருக்கு இது தேவைப்பட்டதே ஒரு சில்லுக்கு எவ்வளவு பரப்பு வேண்டும் என்று கணக்கிடத்தான். அதனால் ஜம்பரை மட்டும் வைத்துக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

ஐயா, முழு கோட்டுருவுக்கும் இப்படி ஒரு சூத்திரம் உண்டா? எல்லாம் எல்லாவற்றோடும்?


பழைய சாக்பீஸ் | வெள்ளி, காலை 9.50

உண்டு, அதுவும் ஊகம். முனை எண்ணை ந என்று கொண்டால் ந/2, (ந−1)/2, (ந−2)/2, (ந−3)/2 நான்கையும் கீழ்நோக்கி முழு எண்ணாக்கிப் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும். கே(5)-க்கு 1, கே(6)-க்கு 3, கே(7)-க்கு 9, கே(8)-க்கு 18. இதைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் ஆந்தனி ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். கணித வாத்தியார் இல்லை. 1963-இல் கோட்டுருவியலாளர் ஹராரியோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார், ஊகத்துக்கு இன்று அவர் பெயர்தான். 12 முனை வரை நிரூபணம் இருக்கிறது, அங்கே விடை 150. 13 முனைக்குச் சூத்திரம் தரும் 225-உம் 2021-இல் கணினி வழியே உறுதியானது, ஆனால் பொதுவாக எல்லா எண்களுக்கும் நிரூபணமாகாமல் நிற்கிறது.

ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. இருகூறில் அச்சுப் படம் முழுக்க நேர்க்கோடு. முழு கோட்டுருவில் நேர்க்கோடு மட்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் கே(8)-க்கு 19 ஆகிவிடும். 18 வேண்டுமென்றால் கோடு வளைந்தாக வேண்டும்.


செம்பருத்தி | வெள்ளி, மாலை 6.20

ஐயா, மிக்க நன்றி. காப்பர் அண்ணாவின் 48-ஐ வகுப்பில் சொன்னேன், நன்றாக எடுபட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. கே(4,4)-க்கு 4 வெட்டோடு வரைய முடிகிறது. 3 வெட்டோடு முடியாது என்பதை எங்கள் அளவுக்கு நிரூபிக்க முடியுமா? அப்புறம், தேர்வில் இந்தச் சூத்திரம் வந்தால் என்ன பெயர் போட்டு எழுதுவது?


பழைய சாக்பீஸ் | வெள்ளி, இரவு 8.40

முடியும், கருவி ஒன்றே ஒன்று போதும்.

கே(3,4)-இல் தொடங்கு. யாரோ ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார், வெட்டுகள் வெ. நான்கு கிடங்கில் ஒன்றை அதன் தண்டவாளங்களோடு அழித்துவிடு. மிச்சம் கே(3,3), அதில் ஒரு வெட்டாவது இருக்கும் என்பதை நீயே நிரூபித்துவிட்டாய். நான்கு கிடங்கையும் இப்படித் தனித்தனியே அழித்துப் பார்த்தால் நான்கு படம், மொத்தம் குறைந்தது 4 வெட்டு கண்ணில் படும். ஆனால் மூலப்படத்தின் ஒரு வெட்டு இரண்டு கிடங்குகளுக்குச் சொந்தம்; அந்த இரண்டில் ஒன்றை அழித்தால் அது காணாமல் போகும், மற்ற இரண்டை அழிக்கும்போது இருக்கும். ஆக ஒவ்வொரு வெட்டும் சரியாக 2 முறை எண்ணப்படுகிறது. 2 × வெ ≥ 4, வெ ≥ 2. அச்சுப் படம் 2 தருகிறது. முடிந்தது.

இனி கே(4,4). ஒரு சூளையை அழித்தால் கே(3,4), குறைந்தது 2 வெட்டு. நான்கு சூளைக்கு 8. ஒவ்வொரு வெட்டும் 2 முறை. வெ ≥ 4. இதுவே உன் விடை.

இதே கருவியோடு கே(3,5) = 4, கே(4,5) = 8 வரைக்கும் நீயே போய்விடலாம். கே(5,5)-இல் நின்றுவிடும். 3 × வெ ≥ 5 × 8 = 40, ஆக வெ குறைந்தது 14. சூத்திரமோ 16. இங்கே இன்னொரு உண்மை கைகொடுக்கும்: ச, க இரண்டுமே ஒற்றை எண்ணாக இருந்தால், ஒழுங்காக வரைந்த எல்லாப் படங்களிலும் வெட்டு எண்ணிக்கை ஒன்று எல்லாம் ஒற்றை, இல்லை எல்லாம் இரட்டை. (ஒழுங்காக என்றால், இரு கோடுகள் ஒரு முறைக்கு மேல் வெட்டக் கூடாது, ஒரே முனையில் கிளம்பும் கோடுகள் வெட்டக் கூடாது, ஒரே புள்ளியில் மூன்று கோடுகள் வெட்டக் கூடாது.) கே(5,5)-க்கு இரட்டை. அதனால் 15 போய்விட்டது. 14 போகவில்லை. அதைத் துரத்துவதற்கு வேறு அறிவு வேண்டியிருந்தது. டேனியல் கிளைட்மன் 1970-இல் செய்தார்: சிறிய கூறு 6-ஐத் தாண்டாதவரை, பெரிய கூறு எவ்வளவு பெரியதானாலும் சூத்திரம் சரி.

தேர்வில், ஒரு கூறாவது 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் கிளைட்மன் பெயரைப் போட்டுத் தேற்றம் என்றே எழுது. பொதுவாகக் கேட்டால் ஸரான்கியேவிச் ஊகம் என்று எழுதி, மேல்வரம்பு (இவ்வளவு வெட்டோடு வரைய முடியும் என்பது) நிரூபணமானது என்று ஒரு வரி சேர்த்துவிடு. உங்கள் குறிப்பைத் தயாரித்தவரிடமும் தனியாக, மெதுவாகச் சொல்லிப் பார். வகுப்பில் எழுந்து நின்று வேண்டாம்.


நள்ளிரவு நிரலர் | சனி, அதிகாலை 12.35

பொதுக் கீழ்வரம்பு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன், தேடி வருபவர்களுக்கு உதவும். இரண்டு கூறுகளும் பெரிதாகிக்கொண்டே போகும்போது உண்மையான விடை சூத்திரத்தில் குறைந்தது 0.8594 பங்கு இருக்கும் என்று டி கிளெர்க், பாசெச்னிக், ஸ்கிரைவர் மூவரும் 2007-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. 2013-இல் கிறிஸ்டியன், ரிக்டர், சலசார் மூவரும் இன்னொரு பக்கமாக வந்தார்கள்: சூளை எண்ணிக்கையை ஏதாவது ஒன்றில் நிறுத்திவிட்டால், கிடங்கு எண்ணிக்கையில் ஒரு குறிப்பிட்ட எல்லை வரைக்கும் சரிபார்த்தால் போதும், அதற்கு மேல் தானாக வந்துவிடும். அந்த எல்லை இப்போதைக்கு எந்தக் கணினியும் தொட முடியாத உயரத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். நான் முதலில் சொன்ன 'எல்லாவற்றையும் முயன்று பார்' கொள்கைக்கு இதைவிட நெருக்கமாக எதுவும் இல்லை, அதனால் பிடித்திருக்கிறது.


செம்பருத்தி | சனி, காலை 10.10

கே(5,5) = 16 என்பதைக் கிளைட்மனிடம் கடன் வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். கே(5,6): 4 × வெ ≥ 6 × 16 = 96, வெ ≥ 24. சூத்திரமும் 24. கே(6,6): 4 × வெ ≥ 6 × 24 = 144, வெ ≥ 36. சூத்திரமும் 36! ஒற்றை எண்ணிலிருந்து அடுத்த இரட்டைக்குப் போகும்போது மட்டும் மிச்சமே இல்லாமல் விழுகிறது. எப்போதும் இப்படியா?


பழைய சாக்பீஸ் | சனி, காலை 11.30

எப்போதும். ஒற்றைக்கு நிரூபித்தால் அடுத்த இரட்டை இலவசம். பொது எண் போட்டு நீயே சுருக்கிப் பார், இரண்டு வரி.

அதனால்தான் இன்னும் முடியாமல் நிற்கும் மிகச் சிறிய கணக்குகளில் ஒற்றை எண்களாகவே இருக்கின்றன: கே(7,11), கே(9,9). முதலாவதை உன் கருவியாலேயே நெருங்கலாம். வூடால் கே(7,10)-க்கு 180 என்று முடித்துவிட்டார். 9 × வெ ≥ 11 × 180 = 1980, வெ ≥ 220. 7, 11 இரண்டும் ஒற்றை, சூத்திரத்தின் 225-உம் ஒற்றை. ஆக 221, 223, 225 மூன்றில் ஒன்று. முதல் இரண்டையும் யாராவது விலக்கிவிட்டால் கே(8,11) = 300 என்பது அன்றைக்கே உன் கருவியில் விழுந்துவிடும்.


காப்பர் டிராக் | சனி, மதியம் 12.05

221-ல் ஒரு படம் வந்தாலும் போதும் இல்லையா சார்? ஊகம் உடைந்துவிடும்.


பழைய சாக்பீஸ் | சனி, மதியம் 12.20

போதும். 223-ல் வந்தாலும் போதும். வரைந்தால் முதலில் எனக்கு அனுப்பு, எண்ணிப் பார்த்துத் தருகிறேன்.